ஓடிய தூரமும் தேய்ந்த தூரமும்

பழைய வண்டி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி 500, ஃபார்ச்சூனர், இன்னோவா என ஒரு குடும்பமே ஏறிக்கொள்ளும் டீசல் வண்டிகளின் விலை, இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் மதிப்பு குறையும். இரண்டு லட்சத்தைத் தாண்டியதைப் பார்க்கவே பலர் வருவதில்லை. அதே வயதுடைய, எழுபத்தைந்தாயிரம் மட்டும் ஓடிய வண்டிக்கோ போட்டி நடக்கும். அந்தப் போட்டி பெரும்பாலும் தவறான அளவுகோலை நம்பி நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஓடோமீட்டர் சக்கரம் கடந்த தூரத்தை அளக்கிறது. வண்டியில் விலை உயர்ந்த உறுப்புகளோ பெரும்பாலும் அந்தத் தூரத்தால் தேய்வதில்லை. இன்ஜின் சுற்றிய சுற்று, பட்ட வெப்பம், கழிந்த காலம், உள்ளே இருந்த எண்ணெயின் நிலை ஆகியவற்றால் தேய்கின்றன. இவை தூரத்தோடு சேர்ந்தே வளர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஒரு சிறு கணக்கில் இருந்து தொடங்கலாம். சென்னையில் இருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேல் கியரில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றுவதாகக் கொள்வோம். மணிக்கு 1,08,000 சுற்று; கிலோமீட்டருக்கு 1,350. அதே வண்டி நகருக்குள் ஓடும்போது சிக்னலில் நிற்பது, முதல் கியரில் ஊர்வது எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இன்ஜின் சுற்று நிமிடத்துக்குச் சராசரியாக 1,200. மணிக்கு 72,000, கிலோமீட்டருக்கு 3,600. ஆக, நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் மொத்தம் 27 கோடி முறை சுற்றியிருக்கும். நகருக்குள் வெறும் 75,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே 27 கோடிதான். இயங்கிய நேரத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது: முதலாவது 2,500 மணி நேரம் உழைத்திருக்கிறது, இரண்டாவது 3,750 மணி நேரம். துல்லியமான எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் நகரத்துக் கிலோமீட்டர் நெடுஞ்சாலைக் கிலோமீட்டரைவிட மிகவும் கனமானது என்ற முடிவு மாறாது. டிராக்டர், ஜேசிபி, ஜெனரேட்டர் ஆகியவற்றில் தூரத்துக்குப் பதிலாக மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரைப் பொருத்துவதும் இதனால்தான். அங்கே இன்ஜினின் உழைப்புக்கும் சக்கரத்தின் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. காரில் அந்தத் தொடர்பு இருப்பதுபோலத் தோன்றுவதால் அதை நம்பிவிடுகிறோம்.

சுற்று எண்ணிக்கைகூட முழுக் கதையைச் சொல்லாது, ஏனென்றால் எல்லாச் சுற்றும் ஒரே அளவு தேய்ப்பதில்லை. 1902ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக், பேரிங்குகளின் உராய்வு வேகத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று அளந்து காட்டினார். வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது இரு உலோகப் பரப்புகளும் நேராக உரசிக்கொள்கின்றன. வேகம் கூடக் கூட, சுழலும் தண்டே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கத் தொடங்குகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் நடுவே நிற்கிறது. மனித முடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு என்றால், அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள். அது நிலைத்திருக்கும் வரை பேரிங் தேய்வதற்குக் காரணமே கிட்டத்தட்ட இல்லை. தேய்வு நடப்பது படலம் உருவாகாத நேரத்தில்: இரவெல்லாம் நின்ற இன்ஜினை எழுப்பி, எண்ணெய் அழுத்தம் ஏறுவதற்குள் கடக்கும் முதல் சில நொடிகளில், எண்ணெய் கெட்டுப்போய்ப் படலத்தைத் தாங்க முடியாதபோது, அளவு குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சும்போது. காலையில் ஒருமுறை எழுப்பப்பட்டு மாலை வரை ஓடும் வாடகை இன்னோவா, நான்கைந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது தமிழ்நாட்டில் அரிதான செய்தியல்ல. அதன் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான். பள்ளிக்கும் கடைக்குமாகத் தினம் நான்கு முறை எழுப்பப்பட்டு, சூடேறுவதற்குள் அணைக்கப்படும் வீட்டு வண்டி, அதே கிலோமீட்டருக்குள் அதைவிடப் பல மடங்கு குளிர்த் தொடக்கங்களைச் சந்திக்கிறது.

குறுகிய ஓட்டத்தில் இன்னொரு தீங்கும் இருக்கிறது, அது வேதியியலைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிந்து இன்ஜின் ஆயிலில் சேர்கிறது. எரியாத டீசலும் புகைக்கரியும் அதே வழியில் வருகின்றன. ஆயில் நன்கு சூடேறி அரைமணி நேரம் ஓடினால் நீர் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி, எரிபொருளின் கந்தகத்தில் இருந்து பிறந்த சேர்மங்களோடு கூடி அமிலமாகிறது. இந்தியாவில் 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வந்தபோதுதான் டீசலின் கந்தக அளவு எங்கும் பத்து லட்சத்தில் 50 பங்காகக் குறைந்தது. அதற்கு முந்தைய பிஎஸ்-3 டீசலில் 350 பங்கு வரை இருக்கலாம். 2020இல் வந்த பிஎஸ்-6 எரிபொருளில் 10 பங்குதான். ஆகவே 2012இல் வாங்கிய வண்டி தன் முதல் ஐந்தாண்டுகளில் எத்தனை முறை ஆயில் மாற்றப்பட்டது என்பது, அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட முக்கியமான தகவல். ஆயிலில் அமிலத்தை முறிக்கும் காரப் பொருள்கள் உண்டு, கரியை மிதக்க வைத்து ஒட்டவிடாமல் தடுக்கும் பொருள்கள் உண்டு, உலோகத்தின் மேல் தியாகப் படலமாகப் படிந்து தான் தேயும் துத்தநாகச் சேர்மம் உண்டு. இவை எல்லாம் செலவாகித் தீர்பவை. தீர்ந்த பிறகும் ஆயில் வழவழப்பாகத்தான் இருக்கும், டிப் ஸ்டிக்கில் அளவும் சரியாகவே காட்டும். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுவதைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் உண்டு. கரியை அது தன்னுள் ஏந்திக்கொண்டிருப்பதன் அடையாளமே அந்தக் கறுப்பு. அஞ்ச வேண்டியது நிறத்தைப் பார்த்து அல்ல, மாற்றிய தேதி தெரியாததைப் பார்த்து.

தேய்வின் மூன்றாவது பெரிய காரணம் தூசி. சாலைத் தூசியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ் மணல். அது சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காராமல் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும், அதன் வழியே போகும் துகள்கள் எண்ணெய்ப் படலத்தின் தடிமனை ஒத்த அளவில் இருப்பதால் இரு பரப்புகளையும் ஒரே நேரத்தில் கீறுகின்றன. இதை ஊகத்தால் சொல்லவில்லை. பழைய ஆயிலை நிறமாலைமானியில் எரித்து அதில் இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கன் எவ்வளவு என்று அளக்கும் முறையை அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1940களிலேயே டீசல் இன்ஜின்களுக்குக் கையாளத் தொடங்கின. பின்னர் விமானப் பராமரிப்பிலும் அது வேரூன்றியது. சிலிக்கன் ஏறினால் இரும்பும் ஏறுகிறது என்பது அந்த அளவைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் உறவு. தூரத்தை எந்த ரயில் நிறுவனமும் மறக்கவில்லை. ஆனால் இன்ஜினைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அதை மட்டும் நம்பவில்லை.

இங்கே ஒரு தடை எழும். உலோகம் சோர்வடையாதா? கோடிக்கணக்கான முறை முறுக்கப்பட்ட தண்டு ஒருநாள் முறியாதா? நியாயமான ஐயம், இதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் சோதித்த ஆகஸ்ட் வோலர், எஃகுக்கு ஒரு எல்லை உண்டு என்று கண்டார். தகைவு அந்த எல்லைக்கு மேல் போனால் குறிப்பிட்ட சுழற்சிகளில் முறியும். அதற்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை திரும்பச் செய்தாலும் நடைமுறையில் முறிவதில்லை. கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் இந்த எல்லைக்குக் கீழே வேலை செய்யும்படியே வடிவமைக்கப்படுகின்றன. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட்டைப் பொதுவாகக் கெடுப்பது சுழற்சியின் எண்ணிக்கை அல்ல, ஒரே ஒரு முறை அளவு மீறிச் சூடேறுவது. குளிர்விப்பு நீர் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினால் முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியின் ஹெட்டும் வளையும்.

தூரத்தோடு சம்பந்தமே இல்லாமல் நாள்காட்டியோடு மட்டும் மூப்படையும் பொருள்களும் உண்டு. ரப்பர் முதலாவது. ஆக்சிஜனும் ஓசோனும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகின்றன. வெப்பம் அந்த வினையை விரைவுபடுத்துகிறது. பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது அரீனியசின் சமன்பாட்டில் இருந்து வேதியியலாளர்கள் எடுத்துக்கொண்ட தோராய விதி. மே மாதத்து வேலூரில் வெயிலில் நிற்கும் வண்டியின் ஹோஸும் பெல்ட்டும், ஒரு அடிகூட நகராமல் வயதாகிக்கொண்டிருக்கின்றன. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் இது உயிர்ப் பிரச்சினை. முதல் தலைமுறை இன்னோவா, ஃபார்ச்சூனர் டீசல்கள் அந்த வகை. பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும், இன்ஜின் அந்த நொடியே முடிந்தது. அதனால்தான் பெல்ட்டைக் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது.

பிரேக் ஆயிலையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். பழைய வண்டிகளில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் திரவம் அதுதான். கிளைக்கால் சேர்ந்த அந்தத் திரவம், மூடிய குழாய்க்குள் இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியே காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. டாட் 4 தரத்துக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏழு பேரோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் இரண்டு டன் வண்டியில், காலிப்பருக்குள் வெப்பம் இந்த எல்லையை எட்டக்கூடும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்தத் திரவத்தை மாற்ற ஆகும் செலவு ஒரு டேங்க் டீசலின் விலையைவிடக் குறைவு. கூலன்ட்டின் கதையும் இதுபோன்றதே. துருவைத் தடுக்கும் அதன் சேர்க்கைப் பொருள்கள் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகின்றன. வழியில் குறைந்தபோது போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பிய வண்டிகளில் சுண்ணாம்புப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கிறது. வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் அந்தப் படிவு, ஹெட்டின் உள்ளேயும் ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் கிலோமீட்டர் எதையும் சொல்வதில்லையா? சொல்கிறது. ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், டயர், பிரேக் பேட் ஆகியவை தூரத்தோடும் சாலையின் தரத்தோடும் தேய்கின்றன. இரண்டு லட்சம் ஓடிய வண்டியில் இவற்றில் பல ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும், அல்லது இப்போது மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் கவனியுங்கள்: இவை எல்லாம் வெளியே இருப்பவை, தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்பவை, எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு நாளில் கழற்றி மாட்டக்கூடியவை. ஓடோமீட்டர் நமக்குத் தரும் எச்சரிக்கை வண்டியிலேயே மலிவான பகுதியைப் பற்றியது. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: காமன் ரெயில் இன்ஜெக்டரும் டர்போவும் மலிவா? இல்லை. 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் உள் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. இரண்டும் தேய்பவை, இரண்டும் பெருஞ்செலவு வைப்பவை. ஆனால் இன்ஜெக்டர் திறந்து மூடுவது இன்ஜின் சுற்றின் கணக்குப்படி. நாம் பார்த்த 27 கோடிக் கணக்கு அதற்கும் பொருந்தும். அதன் ஆயுளை உண்மையில் சுருக்குவது டீசலில் கலந்த நீரும், மாற்றாமல் விட்ட டீசல் ஃபில்டரும். டர்போவைக் கொல்வது கெட்ட ஆயிலும், ஏற்றத்தில் வேகமாக வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடும் பழக்கமும். சுழற்சி நிற்கும் முன்பே எண்ணெய் ஓட்டம் நின்று, சுட்ட உலோகத்தில் தங்கிய எண்ணெய் கரியாகிவிடுகிறது. ஆகவே அதிக கிலோமீட்டர் வண்டி வாங்குகிறவர் இந்த இரண்டுக்கும் ஒரு தொகையை ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். குறைந்த கிலோமீட்டர் வண்டி வாங்குகிறவரும் ஒதுக்க வேண்டும் என்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

ஓடோமீட்டர் எண் சரியானதை அளக்கவில்லை என்று பார்த்தோம். அந்த எண்ணையாவது நம்ப முடியுமா? பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அது முக்கியக் காரணம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிக்கும் சராசரி விலையே கிடைக்கும். அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கு வரத் தயங்குவார், தரம் மேலும் தாழும் என்பது அவர் வாதம். இப்படிப்பட்ட இருட்டில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வதாலேயே அதைத் திருத்துவது லாபமாகிறது. ஓடோமீட்டரைக் குறைப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாக உள்ள அமெரிக்காவிலேயே, ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. நம் ஊரில் வாடகைக்கு டி போர்டில் ஓடிய வண்டி சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றப்பட்டு, மீட்டரும் பாதியாகி நிற்கக்கூடும். அந்த வண்டி ஓடிய மூன்று லட்சம் கிலோமீட்டரைவிட, அதை மறைக்கத் துணிந்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்பதே கவலைக்குரியது.

எனவே பார்க்க வேண்டியது சான்றுகளை. சர்வீஸ் பில்கள் முதல் சான்று: ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக ஏறினால் மீட்டரும் உண்மை, ஆயிலும் உண்மை. ஆர்.சி.யில் முன்பு எந்த வகுப்பில் பதிவாகியிருந்தது என்று பார்க்கலாம். ஸ்கேனரை மாட்டினால், பல வண்டிகளில் டேஷ்போர்டைத் தவிர வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் தூரமோ இயங்கிய மணிக்கணக்கோ பதிந்திருப்பதைக் காணலாம். இரண்டும் முரண்பட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு கிடைத்தால் கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள்: நாற்பது, ஐம்பது வந்தால் வெளியூர் ஓடிய வண்டி, இருபதுக்குக் கீழே வந்தால் நகரத்து நெரிசலில் உழன்ற வண்டி. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே எழுப்ப வேண்டும். போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி இயல்பு; புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. நீலப் புகை ஆயில் எரிவது, நிற்காத கரும்புகை இன்ஜெக்டர் அல்லது காற்று வழி, சூடான பிறகும் விடாத வெண்புகை கூலன்ட் உள்ளே கசிவது. கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சென்னை வண்டியானால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் சில கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்திருக்கக்கூடும். மேலே பளபளப்பாக்கலாம், அந்த இடங்களில் படிந்த வண்டலை முழுவதும் எடுக்க முடியாது. எத்தனை குறைந்த கிலோமீட்டரானாலும் மூழ்கிய வண்டியை வாங்கக்கூடாது. அதன் வயரிங் இணைப்புகளுக்குள் அரிப்பு பல ஆண்டுகள் தொடரும்.

பராமரிக்கப்பட்ட வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கின் இர்வ் கார்டனை எடுத்துக்காட்டுவது வழக்கம். அறிவியல் ஆசிரியரான அவர் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013இல் முப்பது லட்சம் மைலுக்குக் கொண்டுபோனார். கிலோமீட்டரில் அது 48 லட்சம். ஒரே ஒரு வெற்றிக் கதையை வைத்து விதி எழுதலாமா, பாதியில் விழுந்த ஆயிரம் கார்களை யார் எண்ணினார்கள் என்று கேட்பது சரியான அறிவியல் கேள்வி. அந்தக் காரின் இன்ஜினும் இடையில் பிரித்துச் செப்பனிடப்பட்டதுதான். எனவே எல்லா வண்டியும் அப்படி ஓடும் என்பதற்கு அது சான்றல்ல. அது காட்டுவது குறுகியதொரு உண்மையை: நீண்ட தினசரிப் பயணம், தவறாத ஆயில் மாற்றம் என்ற நிலைமைகளில் தூரம் தன்னளவில் ஒரு முடிவுக்கோடு அல்ல. இதே ஐயம் இரண்டு லட்சம் ஓடிய வண்டிக்கும் பொருந்தும். அதுவும் தப்பிப் பிழைத்த ஒன்றுதான்; தொழிற்சாலைக் குறை ஏதாவது இருந்திருந்தால் பெரும்பாலும் முன்பே வெளிப்பட்டிருக்கும். ஆனால் தேய்வினால் வரும் கோளாறுகளின் வாய்ப்பு இனி ஆண்டுக்காண்டு ஏறும். அந்த ஏற்றத்தின் சரிவைத் தீர்மானிப்பது வாங்கிய பிறகு நாம் செய்யும் வேலை.

வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாத் திரவத்தையும் மாற்றிவிட வேண்டும்: இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், பின்னால் டிஃபரன்ஷியல் இருந்தால் அதன் ஆயில். எல்லா ஃபில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் சொன்னது உண்மையா என்று ஆராய்வதைவிட இது மலிவு; அன்றில் இருந்து கணக்கு உங்களுடையது. டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று சில கையேடுகள் சொல்லும். அதை நம்பாதீர்கள்: வெப்பத்தில் ஆக்சிஜனேறாத எண்ணெய் கிடையாது. நகருக்குள் குறுகிய ஓட்டமே அதிகம் என்றால் ஆயிலைக் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திராமல் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். அந்த ஓட்டத்தைக் கையேடுகளே கடும் பயன்பாடு என்ற தலைப்பில் சேர்த்திருக்கின்றன. 2020க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் வண்டியானால் இதில் ஒரு படி கூடுதல் கண்டிப்பு தேவை. அதன் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி, 600 டிகிரி அளவுக்குச் சூடேறும்போதுதான் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைபடும், அரைகுறையாக எரியும் முயற்சியில் டீசல் ஆயிலில் கலந்து அதையும் நீர்க்கச் செய்யும். அப்படிப்பட்ட ஓட்டம் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு டீசல் எஸ்யூவி எந்தக் கிலோமீட்டரிலும் பொருந்தாது. பெட்ரோல் வண்டியைத் தேடுவதே நல்லது.

பழைய டீசலை ஓட்டுவது ஊர்க்காற்றுக்குச் செய்யும் தீங்கு அல்லவா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை டெல்லி வட்டாரத்தில் தடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பிஎஸ்-4 இன்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும் பிஎஸ்-6 இன்ஜினைவிட அதிகத் துகளைக் கக்கும் என்பது அளந்தறிந்த உண்மை. ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இன்னொரு பக்கம், இரண்டு டன் எஃகையும் அலுமினியத்தையும் புதிதாக உருக்கி ஒரு வண்டி செய்வதற்குப் பல டன் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், அதுவும் ஊர்களுக்கு இடையே ஓட்டும் குடும்பத்துக்கு இருக்கும் வண்டியை நன்றாக வைத்திருப்பது நியாயமான தேர்வு. தினமும் நகர நெரிசலில் ஓட்டப்போகிறவருக்கு அந்த நியாயம் இல்லை. பாதுகாப்பு பற்றிய மறுப்போ இதைவிடக் கடுமையானது, அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஓட்டுநருக்கு ஏர்பேக், ஏபிஎஸ் ஆகியவை இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019இல்தான். அதற்கு முன் விற்ற கீழ்நிலை வகைகளில் இவை இல்லாமல் இருக்கலாம். பின்னால் எதிரெதிராக அமரும் இருக்கைகள் கொண்ட பழைய வண்டிகளில் குழந்தைகளைச் சரியாகப் பிணைக்கும் சீட் பெல்ட்டே இருக்காது. எவ்வளவு அருமையான சர்வீஸ் புத்தகமும் இந்தக் குறையை நிரப்பாது. நல்ல இன்ஜினா, ஏர்பேக்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் ஏர்பேக் உள்ள வண்டியை எடுத்து இன்ஜினுக்குச் செலவழியுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் கிலோமீட்டரால் தீர்வதில்லை. இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், சஸ்பென்ஷனைப் புதிதாக்கலாம். இன்னோவா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ ஆகியவை ஏணி போன்ற எஃகுச் சட்டகத்தின் மேல் நிற்பவை. அந்தச் சேசிஸ் உள்ளிருந்து அரிக்கப்படும்போதுதான் வண்டியின் ஆயுள் உண்மையில் முடிகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டிகளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதற்குக் காரணம் இது. மேலே செதிலாகப் படிந்த துருவைச் சுரண்டி அடிப்பூச்சு பூசலாம். திருப்புளியின் கைப்பிடியால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போகும்போது கணீரென்ற ஒலி மங்கி ஓரிடத்தில் பொத்தென்று கேட்டால், அங்கே தகடு மெலிந்துவிட்டது. சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடத்திலோ ஸ்டீயரிங் பெட்டி பொருந்தும் இடத்திலோ அப்படிக் கேட்டால், ஒட்டுப் பற்றவைப்பை நம்பிக் குடும்பத்தை ஏற்றக்கூடாது. வண்டி ஐம்பதாயிரம் ஓடியிருந்தாலும் சரி, மூன்று லட்சம் ஓடியிருந்தாலும் சரி, அதைப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, பதிவை நீக்கிய சான்றிதழை வாங்கிக்கொள்ள வேண்டும்.